தண்ணீரை விட்டுவிட்டு இரத்தத்தைக் கேட்டோம்

பாத்ரூம் போய்விட்டு வந்த பிறகும் நைட்டி நனைந்துகொண்டே இருந்தது. காலை ஐந்தரை மணி. எட்டாம் மாதத்தில் தும்மினாலே நாலு சொட்டு சிந்தும் என்பதால், சிறுநீர்தான் அடங்கவில்லை என்று நினைத்து மாற்றிக்கொண்டு மறுபடி படுத்துவிட்டேன். வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்த அம்மா, மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். "தண்ணிக்குடம் ஒடைஞ்சிருச்சுடி. எந்திரி, அவர எழுப்பு" என்றாள்.

அன்றைக்கு எனக்கு 33 வாரமும் 2 நாளும்.

நான் லேப் டெக்னீஷியன். மதுரையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாக மற்றவர்களுடைய இரத்தம், சளி, சிறுநீர் எல்லாவற்றையும் பார்த்து எண்களாக மாற்றிக் கொடுப்பதுதான் வேலை. அந்த எண்கள் வாங்கிப் பார்ப்பவர்களை என்ன செய்கின்றன என்பது எனக்குத் தெரிந்தது அடுத்த ஐந்து நாட்களில்தான். அப்புறம் இன்னொன்றும் தெரிந்தது. என் வயிற்றுக்குள் நடந்ததைப் பற்றி அந்த ஐந்து நாளும் நாங்கள் கேட்ட இடம் இரத்தம். பதில் இருந்த இடம் தண்ணீர்.

ஆஸ்பத்திரியில் ட்யூட்டி டாக்டர் முதலில் செய்தது ஒரு மஞ்சள் காகிதத்தை நனைத்துப் பார்த்தது. பிறப்புறுப்பில் இயல்பாக இருக்கும் ஈரம் அமிலத்தன்மை உள்ளது. பனிக்குட நீர் லேசான காரம், அதன் பிஎச் 7க்கு மேல். காகிதம் நீலமாக மாறியது. இரத்தம் கலந்தாலும் அது நீலமாகும் என்பதால் அடுத்து ஒரு ஸ்லைடில் ஒரு சொட்டைத் தடவிக் காயவைத்து மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்பினார்கள். அங்கே லேபில் இருந்தது என் ஜூனியர் பெண். கண்ணாடிக்கு மேல் போனை வைத்துப் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டாள். பெரணி இலை! நடுக்காம்பு, அதிலிருந்து இரண்டு பக்கமும் கிளைகள், கிளைகளில் இன்னும் சிறு கிளைகள். அந்த நீரில் உள்ள உப்பும் புரதமும் சேர்ந்து காயும்போது இப்படித்தான் படிகமாகும். பாடத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். என்னுடையதைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. "அக்கா, சூப்பரா வந்திருக்குக்கா" என்று கீழே எழுதியிருந்தாள். அடுத்த நிமிடமே அந்த வரியை அழித்துவிட்டாள், பாவம்.

காலையில் சிறுநீர் என்று சந்தேகப்பட்டேன் அல்லவா? அதுவும் ஒருவகையில் சரிதான். யாருடையது என்பதில்தான் தப்பு. கர்ப்பத்தின் தொடக்கத்தில் பனிக்குட நீர் பெரும்பாலும் தாயின் இரத்தத்திலிருந்து கசிந்து வருவது. பாதிக் காலம் கடந்த பிறகு அதில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர். நுரையீரலில் சுரக்கும் நீரும் அதோடு சேரும். குழந்தை அதையே விழுங்கும், மூச்சுப் பழகும்போது அதையே உள்ளே இழுத்து வெளியே விடும். நிறைமாதம் நெருங்கும்போது ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கும் மேல் விழுங்குகிறது. 34 வார வாக்கில் சுமார் 800 மில்லி இருக்கும் நீர், அதற்கப்புறம் மெல்லக் குறைகிறது. குளத்துத் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்பது அல்ல அது. தினமும் வந்து தினமும் போவது.

இது தெரிந்தால் அடுத்தது தானாகப் புரியும். அந்த நீரில் எது கலந்தாலும் அது குழந்தையின் தோல், கண், குடல், நுரையீரல் எல்லாவற்றையும் தொட்டுவிடும். குழந்தையின் உடல் அதற்கு ஏதாவது பதில் சொன்னால் அதுவும் அதே நீரில்தான் வந்து கலக்கும்.

என்னைப் படுக்கவைத்து ஒரு அட்டவணை போட்டார்கள். நாலு மணிக்கொரு தடவை ஜுரம், நாடி. காலை மாலை குழந்தையின் இதயத்துடிப்பு. பேடின் நிறமும் வாடையும். அப்புறம் இரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் சிஆர்பி என்ற புரதம். கூடவே கிருமியைக் கொல்ல எரித்ரோமைசின் மாத்திரை, 12 மணிக்கொரு தடவையாக டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி நாலு. குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படுவதற்காக அந்த ஊசி. 1972இல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹௌவி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு வந்த பழக்கம் இது. அதனால் பிழைத்த குழந்தைகளுக்குக் கணக்கே கிடையாது.

மறுநாள் என் வெள்ளணு 17,200.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. கிருமி ஏறிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு, "ஸ்டீராய்டு போட்டா ஏறத்தான்மா செய்யும், லேப்ல இருக்க, ஒனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும். ஸ்டீராய்டு கொடுத்தால் இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணுக்கள் கழன்று ஓட்டத்தில் சேர்ந்துவிடும், எண்ணிக்கை கூடும். இன்னொருத்தி ரிப்போர்ட்டாக இருந்திருந்தால் நானே இதைச் சொல்லியிருப்பேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கிருமித்தொற்று வந்துவிட்டதா என்று காட்ட வேண்டிய எண்ணை, நாங்களே போட்ட மருந்து கலைத்துவிட்டது. மிச்சம் இருந்தது சிஆர்பி. அது முதல் நாள் 6, மூன்றாம் நாள் 11. கர்ப்பிணிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது சகஜம் என்பதால் 11ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சிஆர்பி கல்லீரல் செய்கிற பொருள். அதைச் செய்யச் சொல்லி முக்கியமாக உத்தரவிடுவது இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொரு பொருள். அந்த இன்டர்லூக்கின் கருப்பைக்குள் உருவாகி, தாயின் இரத்தத்துக்குக் கசிந்து, கல்லீரலுக்குப் போய், கல்லீரல் வேலையைத் தொடங்கி, அப்புறம் சிஆர்பி ஏற வேண்டும். அடுப்படியில் தீப்பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தெருமுனையில் நின்று புகை தெரிகிறதா என்று பார்ப்பது மாதிரி. பல பேருக்குப் புகை தெரிவதற்குள் வலி வந்துவிடும். சிலருக்குப் புகை வரும், ஆனால் அடுத்த வீட்டிலிருந்து.

வார்டில் தூக்கம் வராது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளைத்தாச்சி இரவெல்லாம் போனில் சீரியல் பார்ப்பாள், நான் என் போனில் கட்டுரைகளாகப் படித்துத் தள்ளினேன். அப்படிப் படித்ததில்தான் ரொபெர்த்தோ ரொமேரோ என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. வெனிசுவேலாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகப்பேறு மருத்துவர். 1980களிலிருந்து அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் குறைமாத வலி வந்த பெண்களின் பனிக்குட நீரை ஊசியால் எடுத்து அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். கிருமி இருக்கிறதா, வெள்ளணு எத்தனை, குளுக்கோஸ் குறைந்திருக்கிறதா, இன்டர்லூக்கின்-6 எவ்வளவு. குளுக்கோஸைக் கிருமிகள் தின்றுவிடும், அதனால் அது 100 மில்லிக்கு 14 மில்லிகிராமுக்குக் கீழே போனால் சந்தேகம். நல்ல எளிய யோசனை. எங்கள் ஊர் லேபில்கூட ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் நம்பகத்தில் இன்டர்லூக்கின்-6 அதைவிட மேல்.

அந்த எண்களைப் பார்த்துதான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எலைசா என்ற லேப் பரிசோதனை முறையில் ஒரு மில்லி பனிக்குட நீரில் 2,600 பிகோகிராம் இன்டர்லூக்கின்-6 இருந்தால் உள்ளே அழற்சி இருக்கிறது என்று கணக்கு. தொப்புள்கொடி இரத்தத்தில் அதே பொருள் 11 பிகோகிராமைத் தாண்டினாலே குழந்தையின் உடல் முழுவதும் அழற்சிக்குள் போய்விட்டது என்கிறார்கள். 1998இல் ரொமேரோவின் குழு அதற்கு ஒரு பெயரே வைத்தது. அங்கே ஆயிரங்களில் பேச்சு, இங்கே பதினொன்றில். அந்த ஆயிரங்களை விட்டுவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் என் கல்லீரல் என்ன சொல்கிறது என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆயிரங்கள் என்று சொல்லிவிட்டேன், அதனால் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இந்தப் பொருள்கள் தண்ணீரில் இருப்பதே தப்பு என்று நினைத்துவிடக் கூடாது. நானும் முதல் இரவு அப்படித்தான் நினைத்தேன். சாதாரண நிறைமாதக் கர்ப்பத்தில், எந்தக் கிருமியும் இல்லாமல், வலி தொடங்கும்போது இதே இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 எல்லாம் அந்த நீரில் ஏறுகின்றன. வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின்கள் ஏறுகின்றன. கருப்பைவாய்க்குள் நியூட்ரோஃபில்கள் வந்து நிறைகின்றன. கருப்பைவாய் இளகித் திறக்க வேண்டுமென்றால் அங்கே ஒரு சின்னப் புண் ஆறுவது போன்ற வேலை நடந்தாக வேண்டும். பிரசவம் என்பதே கட்டுக்குள் நடக்கிற ஒரு அழற்சிதான். எட்டு மாதமாக அந்நியரை அனுமதித்துப் பொறுத்திருந்த உடம்பு, கடைசியில் பொறுமையைத் தளர்த்துகிறது. 40 வாரத்தில் இந்த எண்கள் ஏறினால் வளைகாப்பு வளையல் கழற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். 30 வாரத்தில் ஏறினால் ஆபத்து. பொருள் ஒன்று, நாள் வேறு, அளவு வேறு. லேப் வேலையில் இதைவிடத் தலைவலி பிடித்த விஷயம் கிடையாது. "நார்மல் ரேஞ்ச்" என்று ஒரு கட்டத்தில் போட்டுத் தள்ள முடியாது.

பிரசவ நாளைத் தீர்மானிப்பது அம்மாவா பிள்ளையா என்பதற்கும் இந்த நீரில் ஒரு தடயம் உண்டு. 2004இல் டல்லாஸில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எலிக்குப் பத்தொன்பது நாளில் பிரசவம். பதினேழாம் நாள் வாக்கில் குட்டிகளின் நுரையீரல் பக்குவப்பட்டு, எஸ்பி-ஏ என்ற புரதத்தைப் பனிக்குட நீரில் விடத் தொடங்கும். அந்தப் புரதம் நீரில் உள்ள, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுக்களை எழுப்பிவிடும். அவை கருப்பைச் சுவருக்குள் போய் அழற்சியை மூட்டும், அப்புறம் வலி. புரதத்தை முன்கூட்டியே ஊசியில் செலுத்தினால் குட்டிகள் சீக்கிரம் பிறந்தன. அதை முடக்கினால் தாமதமாயின. "மூச்சுவிடத் தயார், வாசலைத் திற" என்று குட்டியே தண்ணீரில் சொல்லி அனுப்புகிறது! மனிதர்களில் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. நம் கருப்பைச் சுவருக்குள் குழந்தையின் மேக்ரோஃபேஜ்கள் அப்படிக் குடியேறுவதைப் பார்க்க முடியவில்லை. இருந்தாலும் எனக்கு அந்த எலிக்கதை பிடித்துவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றைத் தடவி, "நீ ஒண்ணும் சொல்லி அனுப்பாத, பேசாம இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் கேட்டேவிட்டேன். "மேடம், தண்ணிய எடுத்து இன்டர்லூக்கின் சிக்ஸ் பாக்க முடியாதா?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஒனக்கு உள்ள மிச்சம் இருக்கிறதே ரெண்டு சென்டிமீட்டர் தண்ணி பாக்கெட். அதுல ஊசி போடச் சொல்றியா? சரி, போட்டேன்னே வை. எந்த லேப்ல பாப்ப?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. ஒரு எலைசா தட்டில் 96 குழிகள். ஒரே ஒருத்தியின் தண்ணீருக்காக எந்த லேபும் ஒரு தட்டைத் திறக்காது. சாம்பிள் சேரட்டும் என்று வைத்திருப்பார்கள், நாங்களே அப்படித்தான் வைத்திருப்போம். அந்த ரிப்போர்ட் வருவதற்குள் பிள்ளை வந்துவிடும். இருபது நிமிடத்தில் காட்டும் பட்டை ஒன்று ஐரோப்பாவில் வந்திருக்கிறது. அதில் எல்லைக்கோடு 2,600 அல்ல, 745. கருவி மாறினால் எண் மாறும் என்பது எங்கள் தொழிலின் பழைய சாபம்.

"அதுவும் போகட்டும். 3,000ன்னு வருது. நான் என்ன செய்யணும்? 33 வாரத்துல எடுத்துரணுமா? 500ன்னு வருது. ஜுரம் வந்தா விட்டுருவேனா?" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னது சரி. இன்றைக்கும் அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பனிக்குட நீரை ஊசியால் எடுக்கும் அம்னியோசென்டெசிஸ் என்ற சொல்லுக்கே நம் ஊரில் இன்னொரு பாரமும் இருக்கிறது. பெண் சிசுவைக் கண்டுபிடித்துக் கலைக்கப் பயன்பட்ட ஊசி அது. 1994இல் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஸ்கேன் அறையிலும் தொங்கும் "ஆணா பெண்ணா என்று சொல்லப்பட மாட்டாது" பலகை அதன் மிச்சம். அதனால் அந்த ஊசிக்கு அனுமதி, படிவம், பதிவு எல்லாம் உண்டு. அவசரத்துக்கு எடுத்துப் பார்க்கிற விஷயமாக அது இங்கே இல்லை.

ஆனால் பார்க்காமலேயே மருந்து கொடுப்பதும் சும்மா போய்விடுவதில்லை. பிரிட்டன் தலைமையில் நடந்த ஆரக்கிள் ஆய்வைப் பற்றி அன்று இரவு படித்தேன். 2001இல் முடிவு வந்தது. தண்ணிக்குடம் உடைந்த பெண்களுக்கு எரித்ரோமைசின் கொடுத்ததில் கொஞ்சம் நன்மை தெரிந்தது. நான் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரைக்கு அதுதான் ஆதாரம். தண்ணிக்குடம் உடையாமல் வலி மட்டும் வந்தவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், பிரயோஜனம் இல்லை. ஏழு வருடம் கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப் போய்ப் பார்த்தபோது, இந்த இரண்டாவது கூட்டத்தில் எரித்ரோமைசின் வாங்கிய தாய்மார்களின் பிள்ளைகளில் மூளை வாதம் 3.3 சதவீதம், வாங்காதவர்களின் பிள்ளைகளில் 1.7 சதவீதம். ஏன் அப்படி என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு உறைத்தது இதுதான்: அந்தப் பெண்களில் சிலருக்குக் கிருமி இருந்திருக்கும், சிலருக்குக் கிருமியே இல்லாத வெறும் அழற்சி இருந்திருக்கும், சிலருக்கு இரண்டும் இருந்திருக்காது. மூன்று சாதியையும் ஒரே வரிசையில் நிற்கவைத்து ஒரே மாத்திரையைக் கொடுத்தால் கணக்கு எப்படி நேராகும்? மூன்றையும் பிரித்துக் காட்டக்கூடியது அந்தத் தண்ணீர் ஒன்றுதான்.

கிருமியே இல்லாத அழற்சி என்பதும் எனக்குப் புதிது. உடைந்த அணுக்களிலிருந்து சிந்தும் பொருள்களே உடம்பை உசுப்பிவிடுகின்றன. கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் போட்டால் ஒன்றும் வளராது. தண்ணீரில் இன்டர்லூக்கின் மட்டும் ஏறியிருக்கும். "நோ குரோத்" என்று நான் எத்தனை ரிப்போர்ட்டில் அடித்துக் கொடுத்திருப்பேன். ஒன்றும் இல்லை என்று நினைத்துத்தான் அடித்தேன்.

ஐந்து நாள் கழித்து, சரியாக 34 வாரம் நிறைந்த அன்று, மத்தியானம் குளிர் வந்தது. ஜுரம் 100.8. குழந்தையின் துடிப்பு 170. டாக்டரம்மா முடிவெடுப்பதற்குள் வலியே முந்திக்கொண்டது. சாயங்காலம் ஆறேகாலுக்குப் பெண் பிறந்தாள். 2 கிலோ 80 கிராம். அழுதாள், அதுவே எனக்குப் போதும் என்று இருந்தது.

உடம்பெல்லாம் வெண்ணெய் பூசியது போல வெள்ளையாக இருந்தாள். சிஸ்டர் துணியால் ஒற்றி எடுத்துப் போர்த்தினாரே தவிரக் கழுவவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "பிள்ளைய ஒரு சொட்டு வெந்நீர் ஊத்திக் குளிப்பாட்டாம அப்படியே வச்சிருக்காங்களே" என்றாள். அந்த வெண்ணெயில்தான் லைசோசைம், லாக்டோஃபெரின், டிஃபென்சின், எல்எல்-37 என்று கிருமியைக் கொல்லும் புரதங்கள் இருக்கின்றன, தண்ணீரிலும் அவை உண்டு, தாய்ப்பாலிலும் சில உண்டு என்று சொல்ல ஆரம்பித்தேன். "சரி, விடு" என்று சொல்லிவிட்டாள். உலக சுகாதார நிறுவனமே முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்வது அவளுக்குப் பொருட்டில்லை.

ஒன்பது நாள் என்ஐசியூ. அவளுடைய சிஆர்பி, அவளுடைய பிளட் கல்ச்சர். இப்போது அவளையும் இரத்தத்தில் கேட்டார்கள்.

பிரசவ அறையில் நான் ஒரே ஒரு காரியம் செய்தேன். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அதை மஞ்சள் கவரில் போடப் போனார்கள். உடல் உறுப்புக் கழிவுக்கு மஞ்சள், அதுதான் விதி. "சிஸ்டர், அதைப் போடாதீங்க, பயாப்சிக்கு அனுப்பணும்" என்றேன். தையல் போட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தார். "அனுப்புங்க" என்றார். தண்ணீர் போய்விட்டது. ஆனால் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த சவ்வு இருக்கிறது, கொடி இருக்கிறது.

எங்கள் லேபிலேயே நோயியல் டாக்டர் ஒருவர் பார்த்தார். எட்டாம் நாள் அழைத்து மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். சவ்வில் நியூட்ரோஃபில்கள் வரிசை வரிசையாக, ஊதா நிறப் பொட்டுகளாகத் தண்ணீர்ப் பக்கம் நோக்கி நகர்ந்துகொண்டிருந்த கோலத்தில் உறைந்திருந்தன. "இதெல்லாம் நீ. தாயோட அணுக்கள். ஸ்டேஜ் டூ" என்றார். ஸ்லைடை மாற்றினார். கொடியின் குறுக்குவெட்டு, மூன்று இரத்தக்குழாய்கள், சுற்றிலும் ஜெல்லி. சுத்தமாக இருந்தது. "இங்க வந்திருந்தா அது பிள்ளையோட அணுக்கள். வரல. அவ இன்னும் எறங்கல" என்றார்.

பனிக்குட நீரில் மிதக்கும் நியூட்ரோஃபில்கள் யாருடையவை என்று டிட்ராய்ட்டில் மரபணு வைத்துப் பார்த்திருக்கிறார்கள், 2017இல் வெளியான ஆய்வு. சிலரில் தாயுடையவை, சிலரில் பிள்ளையுடையவை, சிலரில் கலந்து. மிகக் குறைமாதத்தில் பிறந்தவர்களில் பிள்ளையின் அணுக்கள் அதிகம். நாள் கூடக்கூடத் தாயின் அணுக்கள் அதிகம். என் மகள் விஷயத்தில் நான் முதலில் போய் நின்றிருக்கிறேன் போல. ஐந்து நாளும் இரத்தத்தில் தேடி ஒன்றும் தெரியாமல் கிடந்தது, சண்டை முடிந்த பிறகு இந்தக் கண்ணாடியில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த அன்று அம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "ஆமா, நஞ்சுக்கொடிய எங்கடி போட்டாங்க? ஊர்ல கொல்லையில தோண்டிப் பொதைப்போம். நாய் கீய் எடுத்திரக் கூடாதுன்னு மேல கல்லு வைப்போம்."

பக்கத்துத் தெரு லேபில் ஃபார்மலின் டப்பாவில் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"மூடி போட்டிருக்காங்கல்ல?" என்றாள்.